இம்மியும் பிசகாத கணக்கு

தென்பெண்ணையாற்றின் நீர் பாயும் நடுநாட்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர் என்னும் பழம்பதி உள்ளது. சுந்தரரைத் தம் அடிமை என்று முதியவர் ஒருவர் வழக்குரைத்த வரலாற்றைச் சேக்கிழார் இவ்வூர் அவையில் வைத்தே விரித்துரைக்கின்றார். முதியவர் காட்டிய படியோலையைச் சுந்தரர் கிழித்தெறிந்தார். மூலவோலை தம் ஊரில் உள்ளது என்று முதியவர் கூற, இருவரும் திருவெண்ணெய்நல்லூர் அவையை அடைந்தனர். அவையோர் முதியவர் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. சுந்தரர் சொல்லையும் அப்படியே ஏற்கவில்லை. காப்பிலிருந்த மற்றோர் ஓலையை வருவித்து, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறினர்.

இவ்வரலாற்றில் பத்திமைச் சுவையோடு மற்றொரு செய்தியும் பொதிந்துள்ளது. ஊர் அவை ஒன்று ஓலைகளைச் சேமித்து வைத்தலும், மூலத்தையும் படியையும் வேறுபடுத்தி அறிதலும், வழக்கு எழுந்தபோது சான்றினை எடுத்து ஒப்பு நோக்குதலும் சேக்கிழார் வாழ்ந்த பன்னிரண்டாம் நூற்றாண்டில் மக்கள் நன்கறிந்த நடைமுறைகளாக இருந்தன. அத்தகைய ஓலைகளில் ஆளின் பெயர் மட்டுமா எழுதப்பட்டது? நிலத்தின் பரப்பு, விளைந்த நெல், செலுத்த வேண்டிய இறை, உடன்பிறந்தார் பங்கு ஆகிய அனைத்தும் எண்களாக எழுதப்பட்டன. கையெழுத்தில் ஐயம் எழுந்தால் மற்றோர் ஓலையோடு ஒப்பிடலாம். எண்ணில் ஐயம் எழுந்தால் யாது செய்வது? அதனைத் தீர்க்கவல்லது கணிதம் ஒன்றே. பழந்தமிழர் கணிதம் பெரிதும் இந்த வேலைக்காகவே வளர்ந்தது.

இக்கணிதத்தின் தனிச் சிறப்பு அதன் பின்னங்களில் விளங்குகின்றது. முழு எண்களுக்குப் பெயரிடுதல் எல்லா நாட்டினர்க்கும் இயல்பு. தமிழரோ ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளுக்கும் தனித்தனிப் பெயரும் குறியும் வகுத்தனர். முக்கால், அரை, கால், அரைக்கால் என்பன யாவரும் அறிந்தவை. அரைக்காலிற் பாதி வீசம். அதனை மாகாணி என்றும் கூறுவர். இது பதினாறில் ஒரு பங்கு. மற்றொரு வரிசை இருபதில் ஒரு பங்காகிய மா என்பதிலிருந்து பிறக்கின்றது. நாலுமா ஐந்தில் ஒன்று. இருமா பத்தில் ஒன்று. அரைமா நாற்பதில் ஒன்று. மாவிற் காற்பங்கு காணி, அஃதாவது எண்பதில் ஒன்று. காணியில் காற்பங்கு முந்திரி. அது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு.

முந்நூற்றிருபது என்னும் எண்ணைப் பொருளின்றித் தேர்ந்தனர் என்று கருதலாகாது. அது பதினாறையும் இருபதையும் பெருக்க வரும் எண். ஆதலின் வீசத்தின் வரிசையும் மாவின் வரிசையும் அதனுள் மீதமின்றி அடங்கும். அரை என்பது 160 முந்திரி. கால் என்பது 80. நாலுமா என்பது 64. அரைக்கால் என்பது 40. வீசம் என்பது 20. மா என்பது 16. காணி என்பது 4. எந்தப் பின்னத்தையும் முந்திரியாக மாற்றிவிட்டால் கூட்டலும் கழித்தலும் முழு எண் கணக்காகிவிடும். அரையே அரைக்கால் வேலி நிலம் உடைய ஒருவன் அதில் மூன்றுமாவை விற்றால் எஞ்சுவது யாது? அரையே அரைக்கால் 200 முந்திரி, மூன்றுமா 48 முந்திரி, எஞ்சியது 152. அதனுள் கால் 80, நாலுமா 64, அரைமா 8 அடங்குகின்றன. எனவே கால், நாலுமா, அரைமா என்பது விடை. இக்காலப் பள்ளியில் பொதுப் பகுதி காணும் முறையும் இதுவே. பழந்தமிழ்க் கணக்கர் அப்பொதுப் பகுதியை முன்னரே நிறுவி அதற்கு முந்திரி என்று பெயரும் இட்டுவிட்டனர்.

ஆயினும் இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. முந்நூற்றிருபதை மூன்றால் வகுத்தால் மீதம் வரும். உடன்பிறந்தார் மூவர் ஒரு வேலி நிலத்தைப் பங்கிட விழைந்தால் ஒவ்வொருவர்க்கும் 106 முந்திரி கிடைக்கும். இரண்டு முந்திரி எஞ்சும். அவ்விரண்டை யார் கொள்வது? இங்கேதான் முன்னோர் நுண்ணறிவு வெளிப்படுகின்றது. அவர்கள் முந்திரியையும் மீண்டும் முந்நூற்றிருபது கூறாக்கிக் கீழ்முந்திரி என்றனர். எஞ்சிய இரண்டு முந்திரி 640 கீழ்முந்திரி ஆகும். மூவர்க்கும் 213 வீதம் பங்கிட, ஒன்றே எஞ்சும். அவ்வொன்றை இருபத்தொரு கூறாக்கி ஒவ்வொரு கூற்றையும் இம்மி என்றனர். இருபத்தொன்றை மூவர்க்குப் பகிர்ந்தால் தலைக்கு ஏழு இம்மி; மீதம் இல்லை. மூவர்க்குப் பதில் எழுவர் இருந்தாலும் கணக்குச் சரியாக முடியும். அப்பொழுது ஒவ்வொருவர்க்கும் 45 முந்திரியும், 228 கீழ்முந்திரியும், 12 இம்மியும் கிடைக்கும். மூன்றாலும் ஏழாலும் மீதமின்றி வகுபடும் எண் இருபத்தொன்று என்பதை மாணவர் இங்கு நோக்குதல் வேண்டும்.

இம்மி என்பது ஒன்றில் 21,50,400-இல் ஒரு பங்கு. தஞ்சைப் பகுதி வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகுந்தது. அதில் முந்திரி என்பது முப்பது அடிச் சதுரமான ஒரு மனையளவு. இம்மி என்பது அரைச்சாண் சதுரம். ஒருவன் உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்தால் மறையும் இடமே அது. அவ்வளவு சிறிய இடத்திற்கும் கணக்கில் ஒரு பெயர் இருந்தது. இம்மியும் பிசகாமல் என்று இன்றும் மக்கள் பேசுகின்றனர். அச்சொல் வெறும் அலங்காரச் சொல் அன்று. பங்கு பிரிக்கும் கணக்கனின் பலகையில் உண்மையாகவே வழங்கிய ஓர் அளவு.

ஏட்டில் மட்டுமன்றிக் கல்லிலும் இந்நுண்மை காணப்படுகின்றது. முதலாம் இராசராச சோழன் தன் நாட்டு நிலத்தை 1001-ஆம் ஆண்டளவில் அளப்பித்தான். அவன் எடுப்பித்து 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ஊர்களின் நிலப்பரப்பு முந்திரி வரையிலும், அதற்குக் கீழ் மேலும் சில படிகள் வரையிலும் வெட்டப்பட்டுள்ளது. இவ்வளவு நுண்ணிய அளவைக் கோல் கொண்டு தரையில் காண இயலாது என்பது தெளிவு. கோலால் கண்ட நீளத்தையும் அகலத்தையும் பெருக்கியபொழுது பிறந்த பின்னங்களைக் கணக்கர் தள்ளிவிடாமல் இறுதிவரை எழுதினர் என்பதே இதன் பொருள்.

திருவெண்ணெய்நல்லூர் அமைந்த மாவட்டத்திலேயே எண்ணாயிரம் என்று எண்ணாலேயே பெயர் பெற்ற ஓர் ஊர் உண்டு. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அங்கு ஒரு பெருங்கல்லூரி விளங்கிற்று. அவ்வூர்க் கல்வெட்டின்படி இளநிலை மாணவர் 270 பேர். மேல்நிலை மாணவர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். இவர்களைப் புரப்பதற்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. இளநிலை மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்லும், மேல்நிலை மாணவர் ஒருவர்க்கு ஒரு குறுணி இரு நாழி நெல்லும் அளக்கப்பட்டன. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். இவ்வாய்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், இளநிலை மாணவர்க்கு 1,620 நாழி, மேல்நிலை மாணவர்க்கு 700 நாழி, ஆக 2,320 நாழி ஆகும். அஃதாவது நாளொன்றுக்கு 24 கலம் 2 குறுணி நெல். மாணவர் வயிறு நிறைந்ததும் நிறையாததும் இப்பெருக்கல் சரியாக அமைவதைப் பொறுத்தே இருந்தது.

இத்தகைய கணிதம் தமிழகத்தில் மட்டும் தோன்றியதன்று. ஆறும் வயலும் அரசிறையும் உள்ள நாடுகளில் எல்லாம் அதன் தேவை எழுந்தது. அந்நாடுகளுள் தலைசிறந்தது சீனம். அங்குக் கி.மு. 186-ஆம் ஆண்டளவில் புதைக்கப்பட்ட ஓர் அலுவலரின் கல்லறையில், மூங்கிற் சட்டங்களில் எழுதப்பட்ட கணித நூல் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டெடுக்கப்பட்டது. அதன் பின்னர் ஆன் பேரரசின் காலத்தில் 'ஒன்பது இயல்கள்' என்னும் பெருநூல் உருப்பெற்றது. அதில் 246 கணக்குகள் உள்ளன. முதல் இயல் வயல்களின் பரப்பைக் காண்பது. இரண்டாம் இயல் தானியங்களை ஒன்றுக்கொன்று மாற்றுவது. மூன்றாம் இயல் பொருளை உரிய விகிதத்தில் பங்கிடுவது. ஆறாம் இயல் பல ஊர்களின் மீது வரிச்சுமையை நேர்மையாகப் பகிர்வது. வயலும் நெல்லும் பங்கும் இறையும் என்னும் இப்பொருளடைவைத் தமிழ்நாட்டுக் கணக்கர் கேட்டிருப்பின் தம் வேலையே என்று மகிழ்ந்திருப்பர்.

எண்களை எழுதும் முறையிலும் இரு நாட்டார்க்கும் ஒற்றுமை உண்டு. தமிழில் ஒன்று முதல் ஒன்பது வரைக்கும் தனிக் குறிகள் உள்ளன. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றிற்கும் தனிக் குறிகள் உள்ளன. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்தைப் பழைய முறையில் ௨௲௩௱௪௰௫ என எழுதுவர். இரண்டு, ஆயிரம், மூன்று, நூறு, நான்கு, பத்து, ஐந்து என்று வாயாற் சொல்லும் வரிசையே எழுத்திலும் அமைகின்றது. சீன எழுத்திலும் அவ்வெண் அதே ஏழு குறிகளால் அதே வரிசையில் எழுதப்படும். கணக்கிடும்போது சீனர் சிறு குச்சிகளைப் பலகையில் இடம் பார்த்து அடுக்கினர். சேர வேண்டிய எண்ணுக்குச் செந்நிறக் குச்சியும், கழிக்க வேண்டிய எண்ணுக்குக் கருநிறக் குச்சியும் கொண்டனர். தமிழகத்துக் கணியர் சோழிகளை வைத்துக் கணக்கிட்டனர். தரையில் சோழிகளை அடுக்கியும், வாய்பாடுகளை நினைவில் கொண்டும், எழுதாமலே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டிய புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டு வியந்த வாரன் என்னும் அலுவலர், அம்முறையை 1825-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் பதிந்து வைத்தார்.

பின்னங்களைக் கையாளும் வகையில் இரு நாட்டாரும் வெவ்வேறு வழிகளை மேற்கொண்டனர். தமிழர் குறிப்பிட்ட பின்னங்களுக்குப் பெயரிட்டு, அவற்றை முந்திரியில் அடக்கினர். சீனரோ எந்தப் பின்னத்தையும் மேலெண், கீழெண் என்று எழுதிச் சுருக்கும் பொதுவிதி ஒன்றைக் கண்டனர். தொண்ணூற்றொன்றில் நாற்பத்தொன்பது என்னும் பின்னத்தை 'ஒன்பது இயல்கள்' எடுத்துக்காட்டாகத் தருகின்றது. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை மாறி மாறிக் கழிக்க வேண்டும். 91-இல் 49 போக 42. 49-இல் 42 போக 7. 42-இல் ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வர, இறுதியில் இரு பக்கமும் ஏழே நிற்கும். ஏழால் இரண்டையும் வகுக்க, பதின்மூன்றில் ஏழு என்னும் எளிய பின்னம் கிடைக்கின்றது. தமிழர் முறை சந்தையிலும் களத்திலும் விரைவாகப் பயன்படும். சீனர் முறை எல்லா எண்ணுக்கும் பொருந்தும். இரண்டும் வேண்டத்தக்கனவே.

வட்டத்தின் பரப்பைக் காணும் விதி இவ்விரு நாட்டாரையும் ஓரிடத்தில் சேர்க்கின்றது. கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' தமிழில் புகழ்பெற்ற கணித நூல். சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு வரும் என்பது அந்நூல் கூறும் விதி. 'ஒன்பது இயல்கள்' வட்ட வயலுக்குக் கூறும் விதியும் அதுவே. 499-ஆம் ஆண்டில் ஆரியபடர் தந்த விதியும் அதுவே. இதன் உண்மையை ஓர் அடையைக் கொண்டு அறியலாம். வட்டமான அடையை நடுவிலிருந்து பல கூர்ந்த துண்டுகளாக அறுத்து, ஒரு துண்டின் கூர்முனை மேலும் அடுத்ததன் கூர்முனை கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கினால், அது நீண்ட சதுரம்போல் தோன்றும். அதன் நீளம் சுற்றளவிற் பாதி. அகலம் விட்டத்திற் பாதி. துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகப்போக உருவம் செம்மையாகும். பதினாறாம் நூற்றாண்டில் கேரளத்தில் சேட்டதேவர் எழுதிய 'யுக்திபாஷை' என்னும் நூல் இவ்வகையான விளக்கத்தையே தருகின்றது.

சீனத்தில் 263-ஆம் ஆண்டில் 'ஒன்பது இயல்களுக்கு' உரை வகுத்த லியூ உய் என்பார், விதியைக் கூறுவதோடு அமையாது காரணத்தையும் காட்டினார். சுற்றளவு விட்டத்தைப்போல் மூன்று மடங்கு என்று அந்நாளில் பலரும் கொண்டிருந்தனர். அவரோ வட்டத்தினுள் ஆறு பக்க உருவத்தை வரைந்து, அதனைப் பன்னிரண்டு, இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு பக்கங்களாகப் பெருக்கி, அவ்விகிதம் ஏறத்தாழ 3.14 என்று நிறுவினார். ஐந்தாம் நூற்றாண்டில் சூ சொங்சி என்பார் 355-ஐ 113-ஆல் வகுத்து வரும் மிகச் செம்மையான மதிப்பை அளித்தார். மூன்று என்பதற்கும் 3.14 என்பதற்கும் வேறுபாடு சிறிதே எனலாம். ஆயின், வட்ட வயலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு கணக்கில் வாராது மறைந்துவிடும். தமிழ்க் கணக்கன் அதனை ஒரு மா என்பான்.

கணக்கு எவ்வளவு நுண்ணியதாயினும் அளவுகோல் மாறினால் அனைத்தும் மாறிவிடும். விழுப்புரத்தைச் சார்ந்த பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் காணி என்பது நூறு குழி கொண்ட நிலம். இருபத்துநான்கு அடிக் கோலால் அளந்த குழி 576 சதுர அடி. காணி 57,600 சதுர அடி, அஃதாவது ஏறத்தாழ 1.32 ஏக்கர். வேலியில் எண்பதில் ஒரு பங்காகிய காணியோ எட்டு சென்டு அளவே. சொல் ஒன்று, அளவோ பதினைந்து மடங்கிற்கு மேல் வேறுபடுகின்றது. எந்தக் கோல் என்று கூறாத எண் நீதி செய்யாது. ஆதலினன்றோ, கோயில்கள் பலவற்றின் சுவரிலும் அடித்தளத்திலும் அளவுகோலின் நீளத்தைக் கோடாக வெட்டி வைத்தனர்! ஐயுற்றவன் தன் கோலை அக்கோட்டின்மேல் வைத்துப் பார்க்கலாம்.

கோல் பொதுவில் இருந்தது. கணக்கு அறிவு பொதுவில் இருந்ததா? திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலில் எழுதியும், எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று ஆகியவற்றை மனப்பாடம் செய்தும் தேர்ந்தனர். முக்காலை ஏழால் பெருக்கினால் ஐந்தேகால் என்று அவர்கள் நொடியில் விடையிறுத்தனர். ஆயினும் அத்திண்ணையில் அமரும் பேறு எல்லார்க்கும் வாய்க்கவில்லை. பெண்மக்கள் மிகப் பலர்க்கும், வயலில் உழைத்த ஏழை மக்களுக்கும் அது எட்டாதிருந்தது. நெல்லை விளைவித்தவன் களத்தில் நிற்க, அதனை அளந்தவனும் எழுதியவனும் பிறராக இருந்தனர். இம்மி வரையிலும் கணக்கு இருந்தும், அதனைப் படித்தறிய இயலாதவன் மரக்காலளவு இழந்தாலும் உணரான். நுண்ணிய கணிதம் நீதிக்குக் கருவியாவது, அளக்கப்படுகின்றவனும் அதனை அறிந்திருக்கும்போதுதான்.

காலம் மாறிற்று. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் பதின்ம நாணயம் நடைமுறைக்கு வந்தது. ரூபாயில் பதினாறில் ஒரு பங்காகிய அணா மறைந்து, நூறில் ஒரு பங்காகிய காசு வந்தது. மெட்ரிக் அளவைகள் படியையும் மரக்காலையும் வீசையையும் சந்தையிலிருந்து விலக்கின. எல்லா ஊர்க்கும் ஒரே அளவு என்பது பெரும் நன்மையே. பழைய பின்னக் குறிகளோ முற்றும் அழிந்துபடவில்லை. கணினிகளில் எழுத்துகளைக் குறிக்கும் உலகப் பொதுத்தரமாகிய யூனிகோடில் முந்திரி முதலான தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-ஆம் ஆண்டில் இடம்பெற்றன. கல்லிலும் ஓலையிலும் வாழ்ந்த குறிகளை இனிக் கணினித் திரையிலும் எழுதலாம்.

இன்று பத்திரத்தில் எழுதும் பரப்பும், மின்கட்டணச் சீட்டில் காணும் தொகையும், நியாயவிலைக் கடைத் தராசு காட்டும் எடையும் பழைய ஓலைகளின் வழித்தோன்றல்களே. அவற்றைப் பிறர் சொன்னவாறே ஏற்பதும், மூலத்தை வருவித்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் வெவ்வேறு செயல்கள். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் எவ்வழியைத் தேர்ந்தனர் என்பதை மாணவர் அறிவர். அவர்கள் ஓலையைக் கேட்டதுபோல், கணக்கைக் கேட்கவும், கேட்டதைத் தாமே போட்டுப் பார்க்கவும் பயிலுதலே கணிதக் கல்வியின் முதற்பயன்.